பாயில் ஹைட்ஸ் சுவர் ஓனர்களுக்கு: ரோலர கொஞ்சம் கீழ வைங்க

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், குறிப்பா பாயில் ஹைட்ஸ்ல கடையும் கட்டடமும் வச்சிருக்கிற ஓனர்களே, ப்ராப்பர்ட்டி மேனேஜர்களே, வணக்கம்.

சுவர் ஓவியத்து மேல பெயின்ட் அடிச்சு அழிக்காதீங்கங்கிற இதே விஷயத்த இங்கிலீஷ்ல ஒரு பக்கம், எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல அரைப் பக்கம்னு எழுதி உங்கள்ல ரெண்டு பேரோட ஆபீஸ் கதவுக்கு அடியில ஏற்கனவே சொருகிட்டு வந்திருக்கேன். பதில் வரல. அந்த ரெண்டுலயும் ரொம்ப மரியாதையா எழுதிட்டேன்னு இப்ப தோணுது. கோவம் ஒழுங்கா வரணும்னா எனக்குத் தமிழ் தான் சரிப்படும், அதான் இது. தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஓனர் ஒருத்தர் இருந்தாக்கூட போதும், மத்தவங்களுக்கு அவரே சொல்லிக்கட்டும்.

போன மாசம் ஒரு வியாழக்கிழமை, காலைல ஏழு மணி இருக்கும், துணி மூட்டையத் தூக்கிட்டு எங்க தெரு லாண்டிரிக்குப் போறேன், பக்கத்து சந்துல ஒருத்தர் நீளக் கம்பில ரோலர மாட்டி சுவத்துல மேலயும் கீழயும் இழுத்துட்டு இருக்காரு. பக்கத்துல பெரிய வாளி நிறைய சாம்பல் கலர் பெயின்ட். அந்தச் சுவத்துல தான் மெக்சிகோக்காரங்க கும்பிடற மேரி மாதா, குவாடலூப்பே மாதா, ஓவியமா இருந்தாங்க. முகம், கூப்புன கை, நட்சத்திரம் போட்ட அந்தப் பச்சையும் நீலமும் கலந்த மேலாடை எல்லாம் ஏற்கனவே காலி, காலுக்குக் கீழ பிறை நிலாவத் தாங்கிப் பிடிக்கிற குட்டி தேவதை மட்டும் மிச்சம், அதுவும் நான் பாத்துட்டு நிக்கும்போதே ரெண்டு இழுப்புல போயிடுச்சு. ஏங்க இப்படின்னு கேட்டேன். ஓனர் சொன்னாரு, நான் கூலிக்கு வந்தவன்னு கைய விரிச்சாரு. அப்புறம் அவரே சொன்னாரு, முகத்த தான் முதல்ல அடிச்சேன், அது பாத்துட்டே இருந்தா மத்தத அடிக்க கை வராதுன்னு. அந்த மனுஷனுக்கு இருந்த உறுத்தல் வாளி வாங்கிக் கொடுத்தவருக்கு இருந்துச்சான்னு தெரியல.

சரி, சுவர் சுத்தமாச்சான்னு கேளுங்க. பன்னெண்டு வருஷமா அந்த மாதா மேல ஒருத்தன் ஒரு கோடு கிழிச்சதில்ல. சாம்பல் அடிச்ச ஒம்பதாவது நாள் கறுப்பு ஸ்ப்ரேல ஒரு பேரு, அத மறைக்க திரும்ப ரோலர், கடைல அதே சாம்பல் கிடைக்கல போல, கொஞ்சம் வெளிர்னது, அதுமேல இன்னொரு பேரு, அதுமேல இன்னொரு சாம்பல். இப்ப பாத்தா கிழிஞ்ச பேன்ட்டுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி மூணு சாம்பல்ல நிக்குது. இந்த ஊர்ல மளிகைக் கடைக்காரங்க, மதுக்கடைக்காரங்க எல்லாம் சொந்தக் காசு போட்டு மாதா படம் வரைய வைக்கிறது பக்தில மட்டும் இல்லங்க, அந்தப் படம் இருந்தா அதுமேல யாரும் கிறுக்க மாட்டாங்கன்னு தான். இத நான் சொல்லித் தான் உங்களுக்குத் தெரியணுமா?

சுத்தம்ங்கிற பேர்ல பெயின்ட் அடிக்கிறது இந்த ஊருக்குப் புதுசும் இல்ல, தொண்ணூறு வருஷத்துப் பழக்கம். இங்கேர்ந்து ஆத்தத் தாண்டுனா ஓல்வேரா தெரு. டூரிஸ்ட்டுக்காக அலங்காரம் பண்ணி வச்ச மெக்சிகன் தெரு, பொம்மை, மண் சட்டி, தோல் செருப்பு, டாக்கோ எல்லாம் கிடைக்கும். 1932-ல அங்க இட்டாலியன் ஹால்னு ஒரு கட்டடத்தோட மாடி வெளிச்சுவத்துல படம் வரையச் சொல்லி மெக்சிகோலேர்ந்து வந்திருந்த ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கேரோஸ்கிட்ட கொடுத்தாங்க. தலைப்பையும் அவங்களே கொடுத்துட்டாங்க, 'அமெரிக்கா ட்ராபிகல்', அதாவது வெப்பமண்டல அமெரிக்கா. பனை மரம், பஞ்சவர்ணக்கிளி, பழம் பறிக்கிற பொண்ணுங்கன்னு ஏதாவது வரும்னு கனவு கண்டிருப்பாங்க போல. அந்தாளு ஸ்ப்ரே கன்ன வச்சு சிமென்ட்லயே வரைய ஆரம்பிச்சாரு, கூட இருபது பேரு வரைக்கும் உதவிக்கு, காடும் இடிஞ்சு கிடக்கிற மாயன் கோயிலும் எல்லாம் வந்தாச்சு, நடுவுல மட்டும் காலியா விட்டு வச்சிருந்தாரு. திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு தனியா உக்காந்து அத முடிச்சாரு. அக்டோபர் 9-ந் தேதி தெரை விலகுனா, நடுவுல ரெட்டைச் சிலுவைல அறைஞ்ச ஒரு பூர்வகுடி ஆளு, அவன் தலைக்கு மேல றெக்கைய விரிச்சு நிக்கிற அமெரிக்கக் கழுகு, வலது ஓரத்துல அந்தக் கழுகைப் பாத்து துப்பாக்கி தூக்கின ரெண்டு பேரு.

ஏன் அப்படி வரைஞ்சாருன்னு புரியணும்னா முந்தின வருஷத்தப் பாக்கணும். 1931 பிப்ரவரி 26, அதே ஓல்வேரா தெருவுக்குப் பக்கத்துல இருக்கிற பிளாசா பார்க்க குடியேற்ற அதிகாரிங்க சுத்தி வளைச்சு, உள்ள உக்காந்திருந்த சுமார் 400 பேர அடைச்சு வச்சு இந்த நாட்டுல இருக்க பேப்பர் இருக்கான்னு கேட்டாங்க. பொருளாதாரம் படுத்துப்போன காலம், மெக்சிகோக்காரன் வேலையப் புடுங்கிட்டான்னு சொல்லி ரயில் ஏத்தி அனுப்பிட்டு இருந்தாங்க, அதுல இங்கயே பொறந்த அமெரிக்கக் குடிமக்களும் நிறைய. ஆளுங்கள ரயில் ஏத்துற இடத்துக்குப் பக்கத்துலயே அந்த ஆளுங்களோட ஜாலியான படம் வேணும்னு கேட்டிருக்காங்க பாருங்க, அந்தத் தைரியத்த என்ன சொல்றது.

சில மாசத்துலயே தெருவுலேர்ந்து கண்ணுல படற பகுதிக்கு வெள்ளையடிச்சாச்சு, பத்து வருஷத்துக்குள்ள மொத்தமும் போச்சு. சிக்கேரோஸுக்கு விசாவும் நீட்டிக்கல. முப்பது வருஷத்துக்கு மேல அது வெறும் வெள்ளைச் சுவர். ஆனா எல்.ஏ. வெயில் சும்மா விடுமா, அறுபதுகளோட கடைசில வெள்ளை உரிய ஆரம்பிச்சு, சிலுவை மங்கலா எட்டிப் பாத்துச்சு. காலமும் எப்படி அமைஞ்சதுன்னா, 1968-ல இதே கிழக்கு எல்.ஏ. ஸ்கூல் பசங்க நல்ல படிப்பு வேணும்னு போராடி ஆயிரக்கணக்குல கிளாஸ விட்டு வெளிய வந்தாங்க, 1970 ஆகஸ்ட் 29 வியட்நாம் போருக்கு எதிரான பேரணில ரூபன் சலசார்ங்கிற பத்திரிகைக்காரர் ஷெரிஃப் ஆளு சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு செத்தாரு. எங்க அப்பன் பாட்டன் மெக்சிகன், நாங்க சிக்கானோன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு சொன்ன அந்தத் தலைமுறை, வெள்ளைக்கு அடியிலேர்ந்து அந்தப் படம் வெளிய வர்றதப் பாத்துச்சு. பாத்துட்டு அவங்க பிரஷ்ஷ எடுத்தாங்க.

உங்க பக்கத்துலயே எஸ்ட்ராடா கோர்ட்ஸ் அரசுக் குடியிருப்பு இருக்கு, ஒரு தடவ காரவிட்டு இறங்கி நடந்து பாருங்க. 1973-லேர்ந்து அங்க இருக்கிற பசங்களயே வச்சு சுவர் சுவரா வரைஞ்சாங்க. சிட்டி டெரஸ்ல ஒரு பேக்கரிக்குப் பின்னாடி சந்துல ஓவியர் வில்லி எரோன் 1972-ல வரைஞ்சது இருக்கு, அவரோட தம்பிய அந்தச் சந்துல தான் கேங் ஆளுங்க குத்திப் போட்டாங்க, அந்த ஆத்திரத்துல வரைஞ்சது, சுவத்துல ஏற்கனவே இருந்த கிறுக்கலக்கூட அழிக்காம படத்துக்குள்ள சேத்துக்கிட்டாரு. அதே வருஷம் எரோனோட கூட்டாளி ஹாரி கம்போவா கவுன்டி ஆர்ட் மியூசியத்துக்குப் போய் சிக்கானோ ஆர்ட் ஏன் வைக்கலன்னு கேட்டதுக்கு, சிக்கானோ எங்க ஆர்ட் பண்றான், கேங்ல தான சேர்றான்னு பதில் வந்துச்சாம். ராத்திரியே வந்து மியூசியம் வாசல்ல ஸ்ப்ரேல எரோன், கம்போவா, க்ரோங்க்னு மூணு பேரும் தங்க பேர எழுதிட்டுப் போயிட்டாங்க, மியூசியமே எங்க ஓவியம், கீழ கையெழுத்து போட்டாச்சு, அவ்ளோதான். அதுக்கும் சீக்கிரமே பெயின்ட் அடிச்சாச்சு. 2011-ல அதே மியூசியம் அவங்களோட 'ஆஸ்கோ' குழுவுக்குத் தனிக் கண்காட்சி வச்சுது. ஸ்பானிஷ்ல ஆஸ்கோன்னா குமட்டல்னு அர்த்தம், பேருலயே பதில் இருக்கு.

ஓவியர் பார்பரா கராஸ்கோ கதை இதவிட வயித்தெரிச்சல். ஊருக்கு 200 வயசு ஆகுதுன்னு 1981-ல நகர மறுமேம்பாட்டு ஏஜென்சி அவங்ககிட்ட எல்.ஏ. வரலாற வரையச் சொல்லுச்சு. 80 அடி நீளம், 43 பலகை, ஒரு பொண்ணோட தலைமுடி அலை அலையா போகுது, ஒவ்வொரு முடிக்கத்தைக்குள்ளயும் ஊரோட ஒரு கதை. அதுல 14 காட்சிய நீக்குன்னாங்க, ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பானிய அமெரிக்கர்கள முகாம்ல அடைச்சது உட்பட. அந்தம்மா முடியாதுன்னுட்டாங்க. பலகை எல்லாம் பல வருஷம் கோடவுன்ல தூங்குச்சு. அந்தப் படத்துக்குள்ள ஒரு காட்சி என்னன்னு தெரியுமா, சிக்கேரோஸ் சுவத்துக்கு வெள்ளையடிக்கிறது. இப்ப அது நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல எல்லாரும் பாக்கற மாதிரி நிக்குது, ஸ்கூல் பசங்க பஸ்ல வந்து பாக்கறாங்க. 'அமெரிக்கா ட்ராபிகல்' என்னாச்சுன்னா, கெட்டிங்கிற (Getty) கலை நிறுவனமும் நகராட்சியும் சேந்து கிட்டத்தட்ட ஒரு கோடி டாலர் செலவு பண்ணி, வரைஞ்சு சரியா 80 வருஷம் கழிச்சு 2012 அக்டோபர் 9 திறந்தாங்க. கலர் திரும்ப வரல. பழைய போட்டோ எல்லாம் கறுப்பு வெள்ளை, எது எந்தக் கலர்ல இருந்துச்சுன்னு ஊகிச்சு பூசறது தப்புன்னு மிச்சம் இருந்தத மட்டும் காப்பாத்தி வச்சிருக்காங்க. ஒரு வாளி சுண்ணாம்ப எடுக்க ஒரு கோடி டாலர், கணக்கு பாத்துக்கோங்க.

உங்க பக்கமும் எனக்குப் புரியாம இல்ல. சுவத்துல கிறுக்கல் இருந்தா நகராட்சி நோட்டீஸ் வருது, புது டெனன்ட் வந்தா சுவர் பளிச்சுன்னு வேணும்கிறான், பெயின்ட் உரிஞ்ச படம் பாக்க நல்லாவும் இல்ல. எல்லா சுவர் ஓவியமும் காவியம்னு நான் சொல்ல வரல. எங்க முக்குல ஒரு ஆஸ்டெக் வீரன் இருக்கான், ஈட்டி பிடிச்ச கைல ஆறு விரல், என் பையன் தினமும் எண்ணிட்டு தான் ஸ்கூலுக்குப் போவான். ஆனா சாம்பல் அடிச்ச அடுத்த மாசமே அதே கட்டடத்தோட முன்பக்கம் தேவதை றெக்கை ரெண்ட வரைஞ்சு நடுவுல நின்னு செல்ஃபி எடுங்கன்னு போடறீங்களே, அப்ப ஓவியம் பிரச்சனை இல்ல, யாரோட ஓவியம்ங்கிறது தான் பிரச்சனைன்னு எனக்குத் தோணுது. தப்புன்னா சொல்லுங்க.

நியாயம் பேசினா காதுல ஏறாதுன்னா சட்டத்தயாவது பாருங்க. கலிபோர்னியால 1979-லயே கலைப்படைப்பக் காப்பாத்த சட்டம் வந்தாச்சு, 1990-ல நாடு முழுக்கவும் ஒண்ணு வந்துச்சு. சுவத்துலேர்ந்து பேத்து எடுக்க முடியற படமா இருந்தா வரைஞ்சவருக்கு எழுத்துல சொல்லி 90 நாள் டைம் கொடுக்கணும். சொந்தச் சுவர் தானன்னு நினைக்கிறது பெரிய தப்பு, சுவர் உங்களுது, படம் முழுசா உங்களுது கிடையாது. 2006-ல டவுன்டவுன்ல கென்ட் ட்விச்செல் வரைஞ்ச ஆறு மாடி உயரப் படத்த சொல்லாம கொள்ளாம அழிச்சாங்க, கேஸ் போட்டாரு, 2008-ல 11 லட்சம் டாலருக்கு சமரசம் ஆச்சு. அந்தக் காசுல எத்தன வாளி பெயின்ட் வாங்கலாம்?

நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. பெரும்பாலான படத்துக்குக் கீழ மூலைல வரைஞ்சவர் பேரு இருக்கும், ரோலர் ஆளக் கூப்பிடறதுக்கு முன்னாடி அவரத் தேடிப் பாருங்க. பாதி பேரு இன்னும் பத்து தெரு தள்ளி தான் இருக்காங்க, படம் உரியுதுன்னு சொன்னா பெயின்ட் காசு மட்டும் வாங்கிட்டு தொட்டுக் கொடுத்துட்டுப் போறவங்களும் உண்டு. முடியவே முடியாது, அழிச்சே ஆகணும்னா, சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டி தெருவுக்கு மூணு மாசம் டைம் கொடுங்க, நாங்க போட்டோவாவது எடுத்துக்கறோம்.

லாண்டிரி சுவர் ஓனருக்குத் தனியா ஒண்ணு. படத்து மேல பாதுகாப்புக்கு மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசியிருந்தா, அதுமேல ஏறுன பெயின்ட்ட அடியில இருக்கிறது கெடாம எடுக்க வழி இருக்கு. உங்க சுவத்துல அது இருக்கான்னு எனக்குத் தெரியாது, வரைஞ்சவருக்குத் தெரியும், அவரு நம்பர் என்கிட்ட இருக்கு. அதனால நாலாவது சாம்பல் அடிக்காதீங்க, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்துல சோதிச்சுப் பாக்க மட்டும் விடுங்க, ஏணி நான் கொண்டு வரேன், சனிக்கிழமை காலைல எனக்கு வேலை இல்ல.

அப்புறம், உங்க ரோலர் ஆளு கேஸ் மீட்டருக்குப் பின்னாடி கை விட முடியாம விட்டுட்டாரு. குனிஞ்சு பாத்தா அங்க மாதாவோட மேலாடைல ரெண்டு விரல் அகலத்துக்கு அந்தப் பச்சை நீலம் இன்னும் இருக்கு, பாதி நட்சத்திரத்தோட. காலைல தமாலேங்கிற சோளமாவுப் பலகாரம் விக்கிற அம்மா இப்பவும் அந்த மீட்டருக்கு நேரா கீழ தான் கண்ணாடி டம்ளர் மெழுகுவத்திய ஏத்தி வச்சிட்டுப் போறாங்க. அந்த இடத்துக்கு மட்டும் சின்ன பிரஷ் கொடுத்து ஆள் அனுப்பிடாதீங்க.

இப்படிக்கு,
வாரம் ரெண்டு தடவ உங்க மெஷின்ல துணி துவைக்கிறவன்