கொழும்பிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? போன வாரம் போனில் "இன்னுமா அந்த ஒரே இன்ஜினைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்டீர்கள். பின்னால் லேத் சத்தம், நான் சொன்ன பதில் உங்கள் காதில் விழுந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் அம்மாவுக்கு: அறை கொட்டாஞ்சேனையில்தான், பொன்னம்பலவாணேசர் கோவிலுக்கு நடந்தே போய்விடலாம், சாப்பாட்டில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தூக்கல், உடம்புக்கு ஒன்றுமில்லை. இனி உங்களுக்கு.

பட்டறையை இங்கே கராஜ் என்கிறார்கள், மேஸ்திரி இங்கே பாஸ், சாவிக்குப் பெயர் திறப்பு. முதல் நாள் "தம்பி, அந்தத் திறப்பை எடும்" என்றதும் நான் ஸ்பேனர் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றேன். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் டயரை ரயர் என்று எழுதுவார், பெட்ரோல் அவருக்குப் பெற்றோல். சாமான் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தை. நம் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளைப் பத்து மடங்கு ஆக்கி எல்லாவற்றிலும் ஜப்பான் கார் பாகங்களை நிரப்பினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு தெரு.

வேலைக்குக் குறைவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி வழி விட்டார்கள். அதுவரை இருப்பதைத்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. நான் பார்ப்பது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். இன்ஜின் 4ஜி63, 1997 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், போர், அதாவது சிலிண்டர் விட்டம் 85 மில்லி, பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்ட்ரோக் 88. கம்பெனிக் கணக்கில் 280 குதிரைசக்தி. கார்க்காரருக்கு 400 வேண்டுமாம், நுவரெலியாவில் ஏப்ரலில் மலையேற்றப் பந்தயம் நடக்கும், அதில் ஓட்ட வேண்டுமாம். நம் செட்டிப்பாளையம் டிராக்கில் திரியும் பையன்களின் அதே கிறுக்கு.

எங்களிடம் வரும்போதே மூன்றாவது பிஸ்டன் போயிருந்தது, ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிறை மாதிரி உடைந்து கையோடு வந்தது. வேறெங்கோ பூஸ்டை, அதாவது டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தத்தை மட்டும் 1.5 பாருக்கு ஏற்றிவிட்டு, பெட்ரோல் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு காற்று உள்ளே போகும்போது அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் சூடு ஏறி, உள்ளே இருப்பது தானாகவே வெடித்து நாக் அடிக்கும், சுத்தியால் பிஸ்டன் தலையில் அடிப்பது போலத்தான். கொழும்பு வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடு. இங்கே சாதாரணமாகப் போடுவது 92 ஆக்டேன், இதற்கு 95 ஊற்றுகிறோம். அப்படியும் பயம்தான்.

போரை 85.5 ஆக்கி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டோம். மேல் ரிங் இடைவெளியை நானே அரத்தால் தேய்த்து 0.47 மில்லி வைத்தேன். பாஸ் பார்த்துவிட்டு "அதிகம் போல" என்றார். சூட்டில் ரிங் நீளும்போது இரண்டு முனையும் முட்டினால் பழைய கதைதான் என்று சொன்னேன். சரி என்று விட்டுவிட்டார்.

அப்புறம் பெட்ரோல் கணக்கு. 400 குதிரைக்கு மணிக்குச் சுமார் 109 கிலோ, அதாவது 147 லிட்டர். பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 613 சிசி. இன்ஜெக்டரை எண்பது சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 766 ஆகிறது. பழையது 560 தான், கழற்றிவிட்டு 1000 சிசி போட்டோம். 147 லிட்டர் என்றதும் யாழ்ப்பாணத்து அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். 2022இல் கியூஆர் கோடு காட்டி ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லிட்டர்தான் வாங்கினார்களாம். "இவன் முழு வேகத்தில் எட்டு நிமிஷத்தில குடிச்சிடுவான்" என்றார்.

பெட்ரோல் பம்ப் மணிக்கு 255 லிட்டர் வகை. பூஸ்ட் ஏற ஏற, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயின் ரெயில் அழுத்தமும் கூடவே ஏற வேண்டும், 3 பாரில் இருந்து நாலரைக்கு. பெட்டியில் போட்டிருக்கும் 255 அந்த அழுத்தத்தில் கிடைக்காது, ஆனாலும் நமக்குப் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

காரின் சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினோம். 5000 ஆர்பிஎம் வரை அழகு. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினொன்றரைப் பங்கு காற்று, நான் கேட்டது அதுதான். 6000ஐத் தாண்டியதும் 12, 12.6, 13 என்று காற்றின் எண் ஓடுகிறது, பெட்ரோல் போதவில்லை. உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டேன், கை நடுங்கியது. ஃபில்டரை மாற்றினோம், ரெகுலேட்டரை மாற்றினோம், அரை நாள் போயிற்று. கடைசியில் பின் சீட்டைத் தூக்கிவிட்டு பம்ப் கனெக்டரில் மீட்டர் முள்ளைக் குத்தி வைத்து, அண்ணனை ஓட்டச் சொன்னேன். பேட்டரியில் 13.8. பம்பில் 10.7!

கார் பிறந்தபோது போட்ட மெல்லிய வயர், அப்பா. புது பம்ப் இழுக்கும் கரண்டுக்கு அது தாங்கவில்லை, வோல்ட் குறைந்ததும் பம்பின் வேகமும் குறைந்துவிட்டது. கனெக்டர் நன்றாகப் பொருந்துகிறதே என்று அந்த வயரை அப்படியே விட்டது நான்தான், வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. பேட்டரியிலிருந்து தடித்த வயரை நேராக இழுத்து, ஃபியூஸும், சிறு கரண்டில் தட்டும் சுவிட்சான ரிலேயும் வைத்து, பழைய வயரை ரிலேயைத் தட்ட மட்டும் விட்டேன். பம்பில் 13.5 வந்தது. 7000 வரை எண் பதினொன்றரையை விட்டு அசையவில்லை. அந்த மூன்றாவது பிஸ்டனைத் தின்றதிலும் இந்த வயருக்குப் பங்கு இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 380 குதிரையைத் தொட்டதும் கராஜ் முதலாளி போதும் என்று நிறுத்திவிட்டார், பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. போரை உள்ளே தேய்த்து ஹோனிங் செய்தபோது, ஹெட்டுக்குப் பதிலாகப் பிளாக்கில் இறுக்கும் டார்க் பிளேட் கிடைக்கவில்லை, வெறும் பிளாக்கிலேயே அடித்தோம். ஹெட்டை இறுக்கும்போது போர் கொஞ்சம் கோணும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் இதே வகைப் பிளாக் இன்னொன்று வருகிறது. அதற்கு நீங்கள் ஒரு பிளேட் செய்து தர வேண்டும்: எம்.எஸ். இரும்பு, 50 மில்லி தடிமன், நாலு துளையும் 88. பழைய ஹெட் காஸ்கெட்டை அனுப்பி வைக்கிறேன், போல்ட் துளைகளை அதை வைத்தே மார்க் செய்துவிடுங்கள். திருச்சி வழியாக மாமா வருவதாகச் சொன்னாரே, அவரிடம் கொடுத்துவிடலாம். அது மட்டுமே 25 கிலோ வரும், அதனால் இந்த முறை முறுக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்