பெயர் மட்டும் போதாது, எந்தப் பதிவு என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த இசைக்குழுக்களைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் பகுதி தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கிறது. ராக், ஜாஸ், ரெகே, மெட்டல், எலக்ட்ரானிக் என்று வகை பிரித்து எழுதுகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் பெரும்பாலான குறிப்புகள் குழுவின் பெயரோடும் 'அருமை', 'மெய்சிலிர்க்கும்' போன்ற சொற்களோடும் நின்றுவிடுகின்றன. இதை வைத்துக்கொண்டு படிப்பவர் என்ன செய்ய முடியும்?

'ஜாஸ் கேட்க ஆசையா, மைல்ஸ் டேவிஸ் கேளுங்கள்' என்று ஒருவர் எழுதுகிறார். படித்தவர் கைபேசியில் பெயரைத் தட்டுகிறார். இப்போது அதிகம் ஓடுகிற தடங்களைச் செயலி மேலே காட்டுகிறது. டேவிஸ் 1940களிலிருந்து 1991இல் மறையும்வரை ட்ரம்பெட் வாசித்தவர். 1959இல் வந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வையும் 1970இல் வந்த 'பிட்சஸ் ப்ரூ'வையும் அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் ஒரே ஆளுடையவை என்று புதியவர் நம்பமாட்டார். பின்னதில் தொடங்கியவர் பத்து நிமிடத்தில் 'ஜாஸ் நமக்கு ஒத்துவராது' என்று நிறுத்திவிடுவார். அவர் காதில் கோளாறு ஒன்றுமில்லை, பரிந்துரை அரைகுறை.

ஒரு பரிந்துரையில் எந்த ஆல்பம், எந்தத் தடம் முதலில், எத்தனை நிமிடம், எந்தப் பதிப்பு, எதைக் கவனிக்க வேண்டும் என்ற விவரங்கள் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. தாளமும் சுருதியும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அதைச் சொல்வது சுலபம் என்பதால் இந்த விடுபடல் இன்னும் உறுத்துகிறது.

பியானோ வாசித்த டேவ் ப்ரூபெக்கின் நால்வர் குழுவான டேவ் ப்ரூபெக் குவார்டெட்டின் 'டைம் அவுட்' ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் 1959தான். அதில் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. எழுதியவர் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். நம் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு பழகியவர்கள் கேட்டவுடனே 'தக தகிட' என்று கை போடப் பார்ப்பார்கள், இடறும். இங்கே பிரிப்பு 3+2, அதாவது 'தகிட தக'. முதல் முறை சாக்ஸபோனை விட்டுவிட்டுப் பியானோவுக்கு மட்டும் கை போடுங்கள். இரண்டே கார்டுகளில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளில்) சுற்றிவரும் அந்தத் தொடர், ஜோ மொரெல்லோவின் ட்ரம்ஸ் தனி நடக்கும்போதும் நிற்காது. கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது தாளம் போடுகிறவர் செய்யும் வேலையை அங்கே பியானோ செய்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மொரெல்லோ எங்கே கணக்கை இழுத்து விளையாடுகிறார், எங்கே வேண்டுமென்றே மௌனம் விடுகிறார் என்பது தெரியும். இதற்குச் சுருக்கிய பதிப்பும் உலவுகிறது, அதனால் 5 நிமிடம் 24 விநாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆல்பத்தின் முதல் தடம், 'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்', ஒன்பது எண்ணிக்கை. 'தக தக தக தகிட' என்று மூன்று முறை, நான்காவது முறை 'தகிட தகிட தகிட'. கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்பதுதான். சிறிது நேரம் கழித்து ஒன்பதும் சாதாரண நாலும் மாறி மாறி வரும், பிறகு முழுக்க நாலாகிவிடும். புதிதாகக் கேட்பவர்கள் தொலைந்துபோவது இந்த இடத்தில்தான், முன்கூட்டியே எச்சரித்துவிட்டால் அதுவே ரசனையாகிவிடுகிறது. 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் சென்ற பயணத்தில் ப்ரூபெக் துருக்கித் தெருவில் கேட்ட கணக்கு இது. அந்தப் பயணத்தில் குழு மதராஸுக்கும் வந்தது என்பது நம்மூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி.

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு வருகிறேன். முதல் தடம் 'சோ வாட்', 9 நிமிடம் 22 விநாடி. பியானோவும் பாஸும் மெதுவாகத் தொடங்கும். அரை நிமிடம் போல ஆனதும் பாஸ் ஒரு வரி வாசிக்க, மற்ற வாத்தியங்கள் இரண்டே ஸ்வரங்களில் பதில் சொல்லும். இதன் ஸ்வர வரிசையை மேற்கத்தியர் டோரியன் என்பார்கள், நமக்குக் கரகரப்பிரியா ராகம். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் இல்லை, அசைவு குறைவு, ஆனால் அதே ஏழு ஸ்வரங்கள். அப்படியானால் நமக்கு ஏன் எளிதில் பிடிபடுவதில்லை? ஆதார சுருதி மாறுகிறது, அதுதான் காரணம். 16 பார் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை) இரண்டு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரம்) போகும், அடுத்த 8 பார் இரண்டரைக் கட்டைக்கு ஏறும், மறுபடி 8 பார் இரண்டு கட்டை. இந்த 32 பார்தான் ஒரு சுற்று. யார் தனியாக வாசித்தாலும் சுற்று மாறாது. ஒரே ஷட்ஜத்தில் நிற்கப் பழகிய காது அந்த 8 பாரை அபஸ்வரம் என்று நினைத்துவிடுகிறது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று இரண்டு சுற்று எண்ணிப் பார்த்துவிட்டால் பிறகு எண்ண வேண்டியதில்லை.

இந்த ஆல்பத்தில் பதிப்புச் சிக்கல் ஒன்றும் உண்டு. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று தடங்களும் பதிவானபோது ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் திருப்பி ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட கால் ஸ்வரம் தூக்கலாகக் கேட்கும். பல ஆண்டுகள் தட்டுகள் அப்படியேதான் வந்தன, 1990களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். சும்மா கேட்பவருக்கு இது பொருட்டில்லை. சுருதிப் பெட்டியையோ கீபோர்டையோ வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்க்கிறவர், பழைய எல்பியில் சுருதி சேராமல் தவிப்பார்.

ராக் பகுதியில் பிங்க் ஃப்ளாய்ட் பெயர் தவறாமல் வருகிறது, வரட்டும். ஆனால் 1973இன் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தைக் கலைத்துப்போட்டு ஓட்டக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சுமார் 43 நிமிட ஆல்பம், தடங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. செயலியில் ஷஃபிள் (கலைத்து ஓட்டுவது), கிராஸ்ஃபேட் (ஒரு தடம் மங்கும்போதே அடுத்ததை ஏற்றுவது) இரண்டையும் அணைத்து, இடைவெளியில்லா ஒலிப்பை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கத்தரித்தது போல ஒரு வெட்டு விழும். இலவசக் கணக்கில் நடுவே விளம்பரம் வந்தால் கதை முடிந்தது. 'மனி' தடம் ஏழு எண்ணிக்கை, சாக்ஸபோன் தனி வரை ஏழுதான். கிட்டார் தனி தொடங்கும் இடத்தில் நாலுக்கு மாறும், பிறகு ஏழுக்கே திரும்பும். நம் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கை தெரிந்தவர்கள் அந்த மாற்றத்தை உடனே பிடித்துவிடுவார்கள்.

மெட்டல் பிடிக்கவில்லை என்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது உறுமல் குரல்தான். அவர்களுக்கு முதலில் பிளாக் சபாத் கொடுக்கலாம், ஓஸி ஆஸ்போர்னின் குரல் தெளிவாகக் கேட்கும். 1970இன் முதல் ஆல்பத்தில் குழுவின் பெயரையே கொண்ட தடம் ஐந்து கட்டை ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம் (உயர்ந்த 'ம') என்று மூன்றே ஸ்வரங்களில் பயமுறுத்தும். கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி தகட்டு ஆலை வேலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பி செய்து போட்டுக்கொண்டு, மெல்லிய கம்பிகளைக் கட்டி வாசித்தார். 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில தடங்களுக்குக் கம்பிகளையே தளர்த்தி, மூன்று கட்டையில் இருக்க வேண்டிய தடித்த கம்பியை ஒன்றரைக்கு இறக்கினார். பின்னால் வந்த கனமான மெட்டல் ஒலிக்கு அங்கேயே விதை விழுந்தது. அடுத்து மெட்டாலிகா என்றால் 1986இன் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. 2008இன் 'டெத் மேக்னட்டிக்' நல்ல பாட்டுகள் கொண்டதுதான், ஆனால் ஒலியளவை உச்சிக்கு ஏற்றி நெரித்த பதிவு. நாம் சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு போகாது, அது பதிவிலேயே இருக்கிறது. அதைக் கேட்டுத் தன் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று நினைப்பவர்களும் உண்டு.

ரெகேக்குக் கேட்கும் கருவியைப் பற்றிச் சொல்லாமல் பரிந்துரைக்கவே கூடாது. பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 முறை, அதிரும். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துவிடும். ரெகேயில் பாதி மெட்டு பாஸில் இருப்பதால் கைபேசியை மேசைமேல் வைத்துக் கேட்பவருக்குக் கிட்டாரின் 'சக்... சக்' மட்டும் மிஞ்சும். சாதாரணக் காதுபொறி போதும், விலை அதிகமானது தேவையில்லை. காதுக்குள் ரப்பர் நன்றாகப் பொருந்த வேண்டும், இடைவெளி விழுந்தால் பாஸ்தான் முதலில் போகும். தொடங்க, தி வெய்லர்ஸின் 1973 ஆல்பம் 'கேட்ச் எ ஃபயர்'. உலகச் சந்தைக்காக லண்டனில் ராக் கிட்டார் சேர்த்து மெருகேற்றியது ஒரு வடிவம், ஜமைக்காவில் முதலில் கலந்த மூலம் இன்னொன்று. 2001 முதல் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ராக் கேட்பவருக்கு முன்னது, பறை தவில் கேட்டு வளர்ந்தவருக்குப் பின்னது என்பது என் கணிப்பு.

எலக்ட்ரானிக் என்றதும் எல்லோரும் எழுதும் கிராஃப்ட்வெர்க், ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரக் குழு. 'ஆட்டோபான்' தடம் 1974 ஆல்பத்தில் 22 நிமிடத்துக்கு மேல் ஓடும். வானொலிக்கு வெட்டிய வடிவம் மூன்றரை நிமிடம் போல. 1991இன் 'தி மிக்ஸ்' பழைய பாட்டுகளை முழுவதுமாக மறு ஆக்கம் செய்த தொகுப்பு. மூன்றில் எதைச் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் கேட்பவரும் நாமும் வேறு வேறு பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இப்படிப் பதிப்புகளை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். சற்று உரக்கக் கேட்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

சஹாரா பாலைவனத்தின் துவாரெக் மக்களின் இசைக்குழுவான தினாரிவென்னை, 2012இல் கிராமி வாங்கியது என்பதற்காக 'தஸ்ஸிலி'யிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டாரில் நிதானமாகப் போகும் ஆல்பம், முதல் முறை கேட்பவர் தூங்கிவிடுவார். 2007இன் 'அமன் இமான்' எலக்ட்ரிக் கிட்டாரும் கைத்தட்டலுமாக ஓடும், முதலில் அதுவே சரி. பல பாட்டுகள் சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து ஸ்வரங்களுக்கு அருகிலேயே நிற்கும். சுருதி மாறாது, கார்டு மாற்றமும் குறைவு, அதனால் நம் காதுக்கு ஜாஸைவிட இது கிட்டத்தில் இருக்கிறது.

பாட்டு வரிகளுக்காகவே இசை கேட்கிறவர்கள் நம்மிடையே மிகுதி. அவர்களிடம் வாத்திய இசையை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். பரிந்துரைக்கும் முன் மெட்டா, தாளமா, குரலா, வரியா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரிதான் வேண்டும் என்பவருக்கு, 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில் இருக்கும். பறையையும் சட்டி என்னும் தோல்கருவியையும் ட்ரம்ஸோடு சேர்த்து அடிக்கிறார்கள். கூட்டத்தில் யாரோ கைபேசியில் எடுத்த காணொலியை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். பறையின் அடி அந்த மைக்கை நிரப்பிவிடும், சொல் கேட்காது. ஸ்டூடியோ பதிவில் தொடங்கி, பிறகு மேடைப் பதிவுக்குப் போகலாம். டெல்லியின் இந்தியன் ஓஷன் குழுவுக்கு 2000இன் 'கண்டிசா'. தலைப்புத் தடம் கேரள சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய துதிப்பாடல். அதில் பாடித் தபலாவும் வாசித்த அஷீம் சக்ரவர்த்தி 2009இல் காலமானார், அதற்குப் பிந்தைய மேடைக் காணொலிகளில் குரல் வேறு.

இனி வரும் பரிந்துரைகளுக்குத் தாங்கள் ஒரு கட்டம் வகுத்துக் கொடுத்தால் நல்லது. ஒரு வாசகருக்கு ஒரே ஒரு தடம், அறுபது சொல்லுக்குள். மாதிரிக்கு ஒன்று எழுதியிருக்கிறேன், இடமிருந்தால் வெளியிடுங்கள்:

'குழு: சக்தி. ஆல்பம்: எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி, 1976இல் பதிவானது. தடம்: முதலாவது, சுமார் 5 நிமிடம். கொன்னக்கோலில் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) தொடங்கும், அது முடியும்வரை கை போட வேண்டாம், கேட்டால் போதும். பிறகு விக்கு விநாயக்ராமின் கடத்தையும் ஜாகிர் உசேனின் தபலாவையும் பிரித்துக் கேளுங்கள். காதுபொறி அவசியம். ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாரில் கமகம் எப்படி வருகிறது என்று வியப்பவர்களுக்கு: ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்) இடையே மரத்தைக் குழித்திருக்கிறார்கள், கம்பியை அழுத்தி இழுக்க இடம் கிடைக்கிறது.'

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி