செம்போவாலா போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. மெக்சிகோவில், வெராக்ரூஸில் வேலை முடிந்ததும், பக்கத்திலிருக்கும் பழைய டோட்டோனாக் ஊரான செம்போவாலாவின் இடிபாடுகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். ஆனால், "அந்த ஊர்க்காரர்கள்தானே ஸ்பானியர்களிடம் நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள்?" என்று போகிற போக்கில் கேட்டாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எந்த நாட்டை, ம்மா? ஸ்பானியர்கள் வந்த 1519-ல் மெக்சிகோ என்றொரு நாடே கிடையாது. அங்கிருந்த டோட்டோனாக் மக்களுக்கு அஸ்டெக்குகள் படையெடுத்து வந்து கப்பம் வாங்கிய அந்நியர்கள். தங்கள் பிள்ளைகளைப் பலிக்கும் அடிமை வேலைக்கும் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று செம்போவாலாவின் தலைவர் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸிடம் பெருமூச்சு விட்டுச் சொன்னாராம். உடன் வந்த ஸ்பானியச் சிப்பாய் ஒருவர் பிற்காலத்தில் எழுதிவைத்தது இது.

அதே ஆள் எழுதிய இன்னொரு சம்பவம். பக்கத்து மலையூரான கியாவிஸ்த்லானில் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அஸ்டெக் மன்னர் மோக்டெசுமாவின் வரி வசூல்காரர்கள் ஐந்து பேர் வருகிறார்கள். கையில் பூ, அதை முகர்ந்துகொண்டே, ஸ்பானியர்களை ஏறிட்டும் பார்க்காமல் நடக்கிறார்கள். டோட்டோனாக் தலைவர்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்நியரை வரவேற்ற குற்றத்துக்கு இருபது பேரைப் பலிக்குக் கொடு என்றார்கள் வந்தவர்கள். அவர்களைக் கட்டிப்போடுங்கள் என்று கோர்டெஸ் தூண்ட, இவர்களும் துணிந்து கட்டிப்போட்டார்கள். அன்று ராத்திரியே அவர்களில் இரண்டு பேரை அவர் ரகசியமாக அவிழ்த்துவிட்டு, "நான் உங்கள் மன்னருக்கு நண்பன்" என்று சொல்லியனுப்பினார். மன்னரின் ஆட்களையே கட்டிப்போட்ட டோட்டோனாக் மக்களுக்கு இனி திரும்பிப்போக வழி ஏது?

எனக்கு ஆறாதது இந்த இடம்தான். துரோகம் நடந்தது, அதைச் செய்தவர் கோர்டெஸ்.

பிறகு நடந்ததையும் கேள். நண்பர்களாக வந்தவர்கள் கோயில் படியேறி, ஊரே அழுதுகொண்டு நிற்க, தெய்வச் சிலைகளை உருட்டிவிட்டார்கள். பூசாரிகளின் நீண்ட தலைமுடியை வெட்டி, மாதாவின் பீடத்துக்குப் பணிவிடை செய்ய வைத்தார்கள். அதற்குப் பிறகும் செம்போவாலா வீரர்களையும் சுமைகூலிகளையும் கொடுத்து, அஸ்டெக் தலைநகரான மெக்சிகோ நகரத்துக்குக் கோர்டெஸின் படையை அனுப்பிவைத்தது. 1520 மே மாதம், கோர்டெஸைப் பிடிக்க வந்த இன்னொரு ஸ்பானியத் தளபதி நர்வாயெஸ் இந்த ஊரில்தான் ராத்திரிச் சண்டையில் ஒரு கண்ணை இழந்து பிடிபட்டார். அவருடைய கப்பல்களோடு வந்த பெரியம்மை ஊருக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட காலியாகிவிட்டது.

போனால் சுவர்களைக் கிட்டப் போய்ப் பார். ஆற்றுக் கூழாங்கற்களை அடுக்கிக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். ஸ்பானியர்கள் முதலில் வந்தபோது முன்னே போன குதிரைவீரன் அந்தப் பளபளப்பைப் பார்த்து, சுவரெல்லாம் வெள்ளி என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தானாம். இப்போது பூச்சு உதிர்ந்து கல் தெரிகிறது.

டோட்டோனாக் மக்கள் இன்றும் அதே வெராக்ரூஸ் மாநிலத்தில், பாபன்ட்லா ஊர்ப் பக்கம், தங்கள் மொழி பேசி வாழ்கிறார்கள். லீவு கிடைத்தால் அங்கேயும் போய் வா. வனிலா அவர்கள் மண்ணில் விளைவது. அம்மாவுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

அன்புடன்,
அப்பா