படத்த பூட்டி வச்சிட்டு நம்பர மட்டும் கேக்கற சோஷியல் மீடியா கம்பெனிங்களுக்கு

ஏபிஐல, அதாவது வெளி புரோகிராமுங்க உங்க டேட்டாவ கேட்டு வாங்கற கதவுல, எத திறக்கலாம் எத மூடலாம்னு முடிவு பண்ற டீம் எல்லாருக்கும் வணக்கம்.

எங்க அம்மா போன்ல செல்வம்னே நாலு பேர் இருக்காங்க, பிளம்பர், பால்காரர், சித்தப்பா, அப்புறம் யாருன்னே தெரியாத ஒருத்தர். கண்ணாடிய தேடி மாட்டி பேர படிக்கறதுக்குள்ள ரிங் நின்னுடும். முகம் தெரிஞ்சா டக்குன்னு எடுப்பாங்கன்னுதான் பைத்தான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத உக்காந்தேன்.

காண்டாக்ட்ஸ விசிஎஃப்ங்கற அட்ரஸ் புக் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி, ஒவ்வொருத்தர் படத்தையும் பேஸ்64ங்கற முறையில வெறும் எழுத்துங்களா ஆக்கி ஃபோட்டோங்கற ஃபீல்டுல ஒட்டி, திரும்ப இம்போர்ட் பண்ணனும், அவ்ளோதான். இதுல ஒரே ஒரு எடத்துலதான் உஷாரா இருக்கணும், அந்த ஃபைல்ல 75 பைட்டுக்கு மேல போற வரிய மடிச்சு அடுத்த வரிய ஒரு ஸ்பேஸோட ஆரம்பிக்கணும், ஆனா எழுத்த பைட்டா சேமிக்கற யூடிஎஃப்-8 முறையில 'க'வுக்கு 3 பைட், 'கு'வுக்கு 6, கண்ண மூடிட்டு 75ல வெட்டினா எழுத்து நடுவுல பொளந்து செல்வம் கட்டம் கட்டமா வருவாரு. சரி அது எங்க வேலை, பாத்துக்கறோம்.

படத்துக்கு எங்க போறது? ஈமெயிலோட சேத்து புரொஃபைல் படத்த வச்சிருக்கற கிராவதார்ங்கற சைட்ல ஈமெயில ஹாஷ் பண்ணி, அதாவது ஒரு கோடா மாத்தி, கேட்டா படம் குடுக்கறான், படம் இல்லன்னா 404, அதாவது 'இல்ல'ங்கற பதில், குடுன்னும் சொல்லலாம், போட்டவரே பப்ளிக்கா போட்டதுங்கறதால யாருக்கும் வருத்தமில்ல. ஆனா பால்காரருக்கு ஏதுங்க கிராவதார்!

2012ல ஐஓஎஸ் 6 வந்தப்ப ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல ஒரு பட்டன அமுக்கினா காண்டாக்ட்ஸுக்கெல்லாம் படம் வந்துடும், ஐஓஎஸ் 11ல அதையும் தூக்கிட்டாங்க. 2015 ஏப்ரல் 30க்கு அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட முழுசா குடுத்துட்டிருந்த ஃபேஸ்புக்கோட பழைய கிராஃப் ஏபிஐயும் போச்சு, இப்ப அதே ஆப்ப யூஸ் பண்ற ஃப்ரெண்ட்ஸ் மட்டும்தான் லிஸ்ட்ல வருவாங்க. என் ஸ்கிரிப்ட யூஸ் பண்றது உலகத்துல நான் ஒருத்தன்தான். மூடினதுல நியாயம் இல்லன்னு சொல்லல, அரசியல் பிரச்சாரத்துக்கு டேட்டா அலசின கேம்பிரிட்ஜ் அனலிடிகா கம்பெனி விஷயத்துல 8.7 கோடி பேர் டேட்டா வரைக்கும் வெளிய போயிருக்கலாம்னு 2018ல ஃபேஸ்புக்கே சொல்லுச்சு, அப்படி திறந்து வைங்கன்னு நான் கேக்கவும் மாட்டேன்.

ஆனா இத கேட்டே ஆகணும், ஆப்ப போட்ட உடனே "ஃப்ரெண்ட்ஸ கண்டுபிடிக்கலாம் வாங்க"ன்னு எங்க மொத்த காண்டாக்ட் லிஸ்டயும் உருவிக்கறீங்களே, அதுல இருக்கற யார்கிட்ட பர்மிஷன் கேட்டீங்க? பால்காரர் நம்பர் உங்க சர்வருக்கு வரலாமாம், அவர் மூஞ்சி எங்க அம்மா போனுக்கு வந்தா மட்டும் பிரைவசி போயிடுமாம்.

ஸ்க்ரேப் பண்ணிக்கோ, அதாவது புரொஃபைல் பக்கத்துலேர்ந்து ஸ்கிரிப்ட் வச்சு படத்த எடுத்துக்கோன்னு பசங்க சொல்றாங்க. உங்க ரூல்ஸுக்கு அது ஒத்து வராது, அத விடுங்க, பேர வச்சு மேட்ச் பண்ணவே முடியல, போன்ல முருகன்னு இருக்கறவர் அங்க கிங் முருகாவா இருக்காரு, புரொஃபைல் படம் அஜித். எடுத்து ஒட்டினா அம்மாவுக்கு அஜித் கால் பண்ணுவாரு.

சட்டத்த காட்டி கேக்கவும் வழியில்ல, 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துல டேட்டாவ இன்னொரு எடத்துக்கு எடுத்துட்டுப் போற உரிமையே இல்ல. அதனால கேட்டுப் பாக்கறேன். செட்டிங்ஸ்ல ஒரு ஸ்விட்ச் வைங்க, "என் நம்பர் வச்சிருக்கறவங்க என் படத்த அட்ரஸ் புக்ல சேத்துக்கலாம்"னு, முதல்ல ஆஃப்லயே இருக்கட்டும், வேணும்னா அவங்கவங்க ஆன் பண்ணிக்கட்டும், அதுக்குன்னு தனியா ஒரு படம் போட வழி இருந்தா இன்னும் நல்லது, அங்கயாவது சொந்த முகத்த போடுவாங்க. பேர வச்சு இல்லாம நம்பர வச்சு மேட்ச் பண்ணுங்க. பெரிய படம் வேணாம், தம்ப்நெயில் போதும். கள்ளத்தனமா அள்ளுவாங்கன்னு பயம்னா ஒரு அக்கவுண்டுக்கு ஒரு நாளைக்கு 50 படத்துக்கு மேல தராதீங்க, டேட்டா திருடறவனுக்கு அது பத்தாது, எங்க வீட்டு லிஸ்ட் ஒரு வாரத்துல முடிஞ்சிடும்.