ஸ்ட்ரைடிங் எட்ஜுக்கு ஆள் திரட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் வார இறுதி மலைநடை ஏற்பாடு செய்யும் தமிழ்க் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வெயில் கொஞ்சம் தலைகாட்டினால் போதும், வாட்ஸ்அப்பில் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். லேக் டிஸ்ட்ரிக்ட், ஹெல்வெலின் மலை, ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகிய பாறை முகட்டின் வழியாக ஏற்றம், ஒரே நாளில் போய்த் திரும்பலாம், குடும்பத்தோடு வரலாம், மதியச் சாப்பாடு உண்டு. கூடவே, நீலவானத்தின் கீழ் முகட்டின்மேல் ஒருவர் கைவிரித்து நிற்கும் படம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாதிப்பேர் பெயர் கொடுக்கிறார்கள்.

நீங்கள் செய்வது நல்ல காரியம். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களைக் கிளப்பி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போவது சாதாரண வேலையில்லை. வண்டி பிடிப்பது, பணம் வசூலிப்பது, கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களைப் பொறுத்துக்கொள்வது எல்லாம் எவ்வளவு தலைவலி என்று தெரியும். ஆகவே குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கை: 'எல்லோரும் வரலாம்' என்ற அழைப்பில் ஸ்ட்ரைடிங் எட்ஜைச் சேர்க்காதீர்கள். ஹெல்வெலினை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த முகட்டை மட்டும் தனியாக, சின்னக் குழுவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வழியில் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். ஹெல்வெலின் 950 மீட்டர் உயரம், இங்கிலாந்தின் மூன்றாவது பெரிய மலை. நம் ஊர்க் கணக்கில் இது மலையே இல்லை, ஏற்காடு இதைவிட உயரம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஏற்காட்டுக்குப் பேருந்து போகிறது. இங்கே கிளென்ரிடிங் கிராமத்தில், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கிளம்பி, ஏறக்குறைய 800 மீட்டர் செங்குத்து உயரத்தைக் காலால்தான் ஏறியாக வேண்டும். முதல் பகுதி மேய்ச்சல் சரிவு. மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கற்சுவர் ஒன்றைத் தாண்டும் இடம் வரும். 'ஹோல் இன் த வால்' என்பார்கள். அதுவரை யாரும் வரலாம். அதற்கு அப்புறம்தான் விஷயமே.

சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மலை மெலிந்து, வெறும் பாறை முதுகாகிவிடுகிறது. வலப்பக்கம் ரெட் டார்ன் என்ற சின்ன ஏரிக்குச் சரிவு, இடப்பக்கம் நெதர்மோஸ்ட் கோவ் என்ற பள்ளத்தாக்கு. சில இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். உச்சியிலேயே போக வேண்டாம் என்றால் சற்றுக் கீழே பாதை ஒன்று ஒட்டிப் போகிறது. ஆனால் அதிலும் கை ஊன்றாமல் முடியாது. வழிகாட்டி நூல்கள் இதை நடை என்று சொல்வதில்லை, முதல் நிலைப் பாறையேற்றம் என்கின்றன. முகட்டின் கடைசியில் 'சிம்னி' என்று ஒரு பாறை இடுக்கு. அதில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, காலால் துழாவித் துழாவி இறங்க வேண்டும். பழகியவர்களுக்கு ஒரு நிமிட வேலை. முதல்முறை வருகிறவர், கூட மனைவியும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் இருந்தால், அங்கே நின்றுவிடுவார். நிற்பதில் வெட்கமில்லை. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் இருப்பதுதான் சிக்கல்.

கூட்டம் என்னவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் சிம்னியில் இறங்க ஐந்து நிமிடம் எடுத்தால், பத்துப் பேர் இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல். மற்றவர்கள் முகட்டில் காற்றில் நிற்கிறார்கள். ஏறும்போது வியர்த்த பருத்திச் சட்டை இப்போது குளிர்கிறது. கிராமத்தில் இருந்ததைவிட அங்கே ஐந்தாறு டிகிரி குறைவு, காற்று சேர்ந்தால் இன்னும் மோசம். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்கு உலராது. அவசரக்காரர்கள் ஓரமாகத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். முகட்டில் ஓரம் என்று ஒன்று இல்லை. இறங்கி முடித்த பிறகும் உச்சிக்கு உதிர்கற்கள் நிறைந்த செங்குத்து ஏற்றம் ஒன்று பாக்கி. மேலே இருப்பவர் உருட்டிவிடும் கல் கீழே வருபவரை நோக்கித்தான் வரும்.

இன்னொன்று, நேரம். லண்டனிலிருந்து விடியற்காலை ஐந்துக்குக் கோச் கிளம்பினாலும் கிளென்ரிடிங் வரும்போது மணி பதினொன்று. கழிப்பறை வரிசை, குழுப்படம், புளிசாதப் பொட்டலம் எல்லாம் முடிந்து நடக்கத் தொடங்கப் பன்னிரண்டு. நல்ல நடையாளிகளுக்கே சுற்றி வர ஆறு மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் கோச் ஓட்டுநர் காத்திருப்பார் என்ற நினைப்பிலேயே எல்லோரும் அவசரப்படுவார்கள். அந்த அவசரத்தோடு போகும் இடமில்லை அது.

அங்கே நடந்தவை பாறையிலேயே பதிந்திருக்கின்றன. முகட்டில் டிக்சன் நினைவுக்கல் இருக்கிறது. 1858-இல் நரி வேட்டை நாய்களின் பின்னால் போய் விழுந்து இறந்த உள்ளூர்க்காரர் அவர். முகடு முடிந்து மேலே ஏறினால் சார்ல்ஸ் காஃப் என்பவருக்கு 1890-இல் வைத்த கல். 1805 ஏப்ரலில் தன் நாயோடு தனியாக இந்த மலையைக் கடக்கப் போனார். மூன்று மாதம் கழித்து ரெட் டார்ன் பக்கம் உடல் கிடைத்தபோது நாய் பக்கத்திலேயே உயிரோடு இருந்தது. கவிஞர்கள் அந்த நாயின் விசுவாசத்தைப் பாடிப் பாடி அந்த ஆளை மறந்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

உச்சிக்குப் போனதும் வேறு வகை ஆபத்து. மேலே நல்ல அகலமான சமதளம். 1926 டிசம்பரில் ஒரு சிறு விமானத்தையே அங்கே இறக்கி, மறுபடி கிளப்பிக்கொண்டு போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் சொர்க்கம். மூடுபனி இறங்கிவிட்டால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். இறங்கும் வழியான ஸ்விரல் எட்ஜின் வாயைக் கண்டுபிடிக்க வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். குளிரில் கைப்பேசியின் பேட்டரி சட்டென்று இறங்கும். பனிக்காலத்தில் அந்த விளிம்பில் காற்று ஒதுக்கிய பனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பனிக்கோடரியும் காலணி முட்களும் பழகாதவர்கள் அப்போது பக்கத்திலேயே போகக் கூடாது. குளிர்காலத்தில் தேசியப் பூங்காவின் ஆட்கள் நாள்தோறும் இந்த மலையில் ஏறி, பனியின் நிலையை 'வெதர்லைன்' என்ற சேவையில் தெரிவிக்கிறார்கள். ஓர் அரசு அமைப்பு ஒரு மலைக்காக அவ்வளவு மெனக்கெடுகிறது என்றால் காரணம் இருக்கும்.

அடுத்து ஆடுகள். அழைப்புகளில் ஒரு வரிகூட வராத விஷயம் இது.

தேசியப் பூங்காவுக்குள் இருந்தாலும், நாம் ஏறும் சரிவு காடும் இல்லை, பொழுதுபோக்குப் பூங்காவும் இல்லை. அது மேய்ச்சல் நிலம். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வித்தியாசம். நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு, அதில் ஆடு மேய்க்கும் உரிமை சுற்றியுள்ள பண்ணைகளுக்கு உண்டு, எந்தப் பண்ணை எத்தனை ஆடு விடலாம் என்பதுவரை பதிவாகியிருக்கிறது. கறுப்பாகப் பிறந்து வயதாக ஆக நரைத்துப்போகும் ஹெர்ட்விக் ஆடுகளை இந்தப் பகுதியில் பார்ப்பீர்கள். மேலே வேலி கிடையாது. இருந்தும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேயும். தாய் ஆடு போன இடமெல்லாம் குட்டி போய்க் கற்றுக்கொள்கிறது, அது தன் குட்டிக்குக் கற்றுத்தருகிறது. தலைமுறை தலைமுறையாக வரும் அறிவு இது. 2001-இல் கோமாரி நோய் பரவி நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றபோது, இந்த மலைக்காரர்களின் பெரிய பயம் பணநட்டம் மட்டுமில்லை. எல்லை அறிந்த மந்தை அழிந்துவிட்டால் சந்தையில் வாங்கிவந்து விட்டு ஈடுகட்ட முடியாது. வாங்கிவந்த ஆட்டுக்கு மலை தெரியாது.

ஆடுகள் மலையைக் கரண்டித் தின்றுவிட்டன, மரங்கள் திரும்பி வர விடவேண்டும் என்று வாதிடுகிறவர்களும் இங்கே உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கு அவர்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் இடையில். நடுவில் போகும் நமக்கு ஆட்டைத் துரத்திப் படம் எடுக்க அதில் எந்த உரிமையும் இல்லை.

நாய் கூட்டிவருகிறவர்களிடம் பொறுப்பாளர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட திறந்த நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத வாரில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆடு பக்கத்தில் இருந்தால் வருடம் முழுக்கவும் அப்படித்தான். சினை ஆடு பயந்து ஓடினாலே குட்டி கலைந்துபோகலாம். ஆட்டைத் துரத்தும் நாயை வேறு வழியில்லாதபோது சுட்டுவிட்டால், 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைக்காரர் பக்கம் நிற்கும். "எங்கள் டாமி ஒன்றும் செய்யாது" என்பது அங்கே எடுபடாது. கீழே வயல்களில் கன்றோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள். மாடு நாயைக் குறிவைத்து வந்தால் வாரை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரால்தான் முடியாது.

மிஞ்சின சோற்றை ஆட்டுக்குப் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அன்பில் செய்வதுதான், சந்தேகமில்லை. கல்யாண வீட்டில் மீந்த சோற்றைத் தின்று வயிறு உப்பிச் செத்த மாட்டைப் பற்றி நம்மில் கிராமத்திலிருந்து வந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அசைபோடும் பிராணிக்கு மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் எந்த நாட்டிலும் அதே கதைதான். திறந்திருந்த கதவைத் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்ததை மூடுங்கள். கற்சுவர் எல்லாம் சாந்து இல்லாமல் அடுக்கியவை, ஏறிக் குதித்தால் சரியும். வாழைப்பழத் தோல் மக்கிவிடும் என்பார்கள். அந்தக் குளிரில் அவ்வளவு சீக்கிரம் மக்காது, பையில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம்.

இப்படி அடுத்தவர் மேய்ச்சல் நிலத்தில் நாம் நடக்க முடிவதே சும்மா வந்ததில்லை. 1932-இல் மலைநிலத்தில் நடக்கும் உரிமை கேட்டு, கிண்டர் ஸ்கவுட் மேட்டில் அத்துமீறி நடந்த தொழிலாளர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். திறந்த மலைநிலத்தில் காலால் நடக்கும் உரிமை சட்டமானது 2000-இல்தான். அதிலும் நெருப்பு மூட்ட உரிமை தரவில்லை. ஆகவே பார்பிக்யூ அடுப்பைத் தூக்கிக்கொண்டு வரும் அண்ணன்மார்கள் வீட்டுத் தோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏதாவது நடந்துவிட்டால் வருவது யார் என்பதும் உறுப்பினர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மலை மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சாப்பாட்டுத் தட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ எழுந்து வருகிறார்கள். பணம் கேட்பதில்லை, நன்கொடையில் ஓடுகிறது. அழைக்க 999, முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் கேட்டால் சுற்றிவளைத்து நேரம் போகும். பேச சிக்னல் இல்லாத இடத்தில் சிலசமயம் குறுஞ்செய்தி போகும். அதற்கு முன்பே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் செய்தி அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும், கோச்சில் போகும்போதே எல்லோரையும் செய்ய வைத்துவிடலாம். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? கோச் கிளென்ரிடிங்குக்கே போகட்டும். பெரிய குழு ரெட் டார்ன் ஏரிவரை ஏறித் திரும்பட்டும். கிரீன்சைடு பழைய ஈயச் சுரங்கத்தைத் தாண்டி ஓடையோரமாகப் போகும் பாதை அது. ஏரிக்கரையில் உட்கார்ந்தால் ஒருபக்கம் ஸ்ட்ரைடிங் எட்ஜ், மறுபக்கம் ஸ்விரல் எட்ஜ், நடுவே உச்சி, எல்லாம் அண்ணாந்து பார்க்கக் கிடைக்கும். கட்டுச்சோறு பிரிக்க அதைவிட நல்ல இடம் அந்த மலையில் இல்லை. அதுவும் முடியாத பெரியவர்கள் கீழே அல்ஸ்வாட்டர் ஏரியில் படகேறி, கரையிலுள்ள ஹவ்டவுன்வரை போய்வரலாம். முகடுதான் வேண்டும் என்கிறவர்கள் முந்தின இரவே வந்து தங்கி, ஆறேழு பேராக, தகுதிபெற்ற மலை வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, காற்று குறைந்த நாளாகப் பார்த்துப் போகட்டும். வழிகாட்டியின் கட்டணத்தை ஆறாகப் பிரித்தால் பெரிய சுமையாக இருக்காது. நிலவரம் சரியில்லை என்று அவர் திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும் என்பதைப் பெயர் கொடுக்கும்போதே ஒப்புக்கொள்ள வையுங்கள். அங்கே போய் நின்று ஓட்டெடுப்பு நடத்த முடியாது.

மே மாத வங்கி விடுமுறைக்கு உங்களில் சிலர் இதே முகட்டை ஏற்கெனவே அறிவித்துவிட்டீர்கள். மேல் பண்ணைகளில் குட்டி ஈன்று, தாயும் குட்டியுமாக மலைக்கு விடும் பருவம் அது. இன்னும் நேரம் இருக்கிறது. இடத்தை ரெட் டார்ன் என்று மாற்றி ஒரு செய்தி போடுங்கள், முகட்டுக்குத் தனிப் பட்டியல் தொடங்குங்கள். பெரிய குழுவில் கடைசி ஆளாக, மெதுவாக வருகிறவர்களோடு நடந்துவர ஒருவர் தேவைப்படும். அந்த வேலைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் ஒன்றின் உறுப்பினர்