என் ஊசி உனக்கு ஆகுமா என்று கேட்டாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நான் முடக்குவாதத்துக்கு ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, இதே ஊசி எனக்கும் வேலை செய்யுமா?" என்று உன் எண்டோமெட்ரியோசிஸை (கர்ப்பப்பை உட்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற நோயை) நினைத்துக் கேட்டாய். ஏதோ சொல்லிச் சமாளித்தேன், உண்மையில் பதில் தெரியவில்லை. பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசியைத் தொடையில் அழுத்திப் பிடித்து இரண்டாவது 'டக்' கேட்கும்வரை எண்ணுவேனே, அன்றைக்கு எண்ணிக்கையே தப்பிப்போய்விட்டது. அப்புறம் நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். மெசேஜில் துண்டு துண்டாகப் போட்டால் சரிவராது, அதனால்தான் கடிதம்.

சுருக்கமான பதில்: இப்போதைக்கு ஆகாது. ஆனால் நீ கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை, நிஜமாகவே சோதித்துப் பார்த்த கேள்வி.

எண்டோமெட்ரியோசிஸ் ஏன் வருகிறது என்பதற்கு இன்றைக்கும் எல்லோரும் முதலில் சொல்வது 1920-களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன விளக்கம்தான். மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் வெளியே போகாமல், கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதோடு போகும் கர்ப்பப்பை உட்சவ்வின் துணுக்குகள் அங்கே ஒட்டி வளர்கின்றன என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1984-இல் வந்த ஒரு ஆய்வில், கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் 90 சதவீதம் பேருக்கு மாதவிடாயின்போது வயிற்றுக்குள் ரத்தம் இருந்தது. நோய் வருவதோ ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான். அப்படியென்றால் மற்றவர்கள் உடம்பு அந்தத் துணுக்குகளைத் துடைத்துப் போட்டுவிடுகிறது, உன் உடம்பு ஏன் விட்டுவைத்தது? நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் எல்லோரும் திரும்பியது இந்தக் கேள்வியால்தான். (பரம்பரை, செல்லில் வரும் மரபணு மாற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் இதன் தலையில் போட முடியாது.)

அங்கே பார்த்தால், துடைக்க வேண்டிய செல்கள் இல்லாமல் இல்லை. மேக்ரோஃபேஜ் என்று, குப்பையை விழுங்கும் செல்கள், இந்த நோய் உள்ளவர்களின் வயிற்று நீரில் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கின்றன. என்.கே. செல்கள், அதாவது வேண்டாத செல்லைக் கொல்கிற வகை, இருந்தும் மந்தமாக இருக்கின்றன. மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன, ஆனால் அந்த இடத்தை ஆற்ற வேண்டிய காயம் என்று நினைத்துக்கொள்கிற மாதிரி நடக்கின்றன. புது ரத்தக் குழாய் வளர உதவுகின்றன, நரம்பு வளர உதவுகின்றன, தழும்பு கட்ட உதவுகின்றன. உனக்குப் போன வருஷம் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்தபோது டாக்டர் காட்டிய படம் ஞாபகம் இருக்கிறதா, சினைப்பை குடலோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் வெள்ளை வெள்ளையாக நார் மாதிரி இருந்ததே? அந்த நாரைக் கட்டியதில் உன் உடம்பின் சொந்த ஆட்களுக்கும் பங்கு உண்டு.

இதனால்தான் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று உனக்கு யாரோ அனுப்பிய அந்தப் பொடியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. உனக்குக் குறைச்சல் என்று யார் சொன்னது? இருப்பதுதான் தப்பான வேலை பார்க்கிறது. என் கதையும் அதுதான். என் விரல் மூட்டில் எந்தக் கிருமியும் இல்லை, ஆனாலும் என் எதிர்ப்பு சக்தி கிருமி இருப்பதுபோல நினைத்து மூட்டை அடித்து நொறுக்குகிறது. எனக்கு டாக்டர் கொடுப்பது சக்தியைக் கூட்டும் மருந்தா என்ன, அடக்கும் மருந்து.

சரி, என் ஊசிக்கு வருகிறேன். அது அடலிமுமாப். டி.என்.எஃப். என்று, வீக்கத்தைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்துவைக்கிற ஆன்டிபாடி. அதே டி.என்.எஃப். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களின் வயிற்று நீரிலும் கூடுதலாக இருக்கிறது. பபூன் குரங்குகளுக்கு (அவற்றுக்கும் நம்மைப்போல மாதவிடாய் உண்டு, சாதாரண எலிக்குக் கிடையாது, அதனால் குரங்கில் வரும் முடிவுக்கு மதிப்பு அதிகம்) டி.என்.எஃபைத் தடுத்துப் பார்த்தார்கள், நோய் குறைந்தது. அப்புறம் மனிதர்களுக்குப் போனார்கள். என் ஊசியின் அண்ணன் மாதிரியான இன்ஃப்ளிக்ஸிமாபை, ஆழமாக வேரோடிய எண்டோமெட்ரியோசிஸும் கடும் வலியும் இருந்த 21 பெண்களை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம், யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2008-இல் முடிவு வெளிவந்தது. மருந்து போனவர்களுக்கு வலி 30 சதவீதம் குறைந்தது. வெறும் திரவம் போனவர்களுக்கும் அதே 30 சதவீதம்!

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அந்த இரண்டாவது கூட்டம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் இது பெரிய வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். 'எனக்கு இதில் மூன்றில் ஒரு பங்கு வலி போய்விட்டது' என்று யாராவது எதைப் பற்றிச் சொன்னாலும் இந்த 30-ஐ நினைத்துக்கொள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, அவர்களுக்கு வலி குறைந்தது நிஜம்தான். மருந்தால்தான் குறைந்ததா என்பதுதான் கேள்வி. அதே பெண்களுக்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்தபோது வலி நன்றாகவே இறங்கியது.

21 பேர் சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துக் கதவை மொத்தமாகச் சாத்திவிட முடியாது. ஆனால் என் ஊசி விளையாட்டும் இல்லை. ஆரம்பிக்கும் முன்னால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள், ஏனென்றால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற காசநோயை இந்த மருந்து எழுப்பிவிடலாம். பலன் நிரூபணமாகாத நோய்க்கு அந்த ரிஸ்க்கை எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

உனக்குச் சொல்ல நல்ல சேதியும் இருக்கிறது. ஜப்பானில் சுகாய் என்ற மருந்து நிறுவனம், டி.என்.எஃபை விட்டுவிட்டு இன்டர்லூக்கின்-8 என்கிற வேறொரு புரதத்தைக் குறிவைத்து ஒரு ஆன்டிபாடி செய்திருக்கிறது. பெயர் ஏ.எம்.ஒய்.109. சாதாரண ஆன்டிபாடி ஒன்றைப் பிடித்தால் அதோடு சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். இது பிடித்ததைச் செல்லுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கையை உதறிக்கொண்டு மறுபடி ரத்தத்துக்கு வந்து அடுத்ததைப் பிடிக்கிறது, அதனால் நீண்ட நாள் வேலை செய்யும். 2023-இல் வெளியான கட்டுரையில், குரங்குகளுக்கு எண்டோமெட்ரியோசிஸ் கட்டியின் அளவும் குறைந்தது, நார் கட்டுவதும் குறைந்தது. அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடித்தது. நீ சாப்பிடும் ஹார்மோன் மாத்திரை நோயை அடக்கிவைக்கும், ஏற்கெனவே விழுந்த ஒட்டலைப் பிரிக்காது. இந்த மருந்து இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை, கடையில் கிடைக்காது, யாராவது கிடைக்கும் என்றால் நம்பாதே.

அதே வருஷம் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். நோயுள்ள பெண்களில் 64 சதவீதம் பேரின் கர்ப்பப்பை உட்சவ்வில் ஃபியூசோபாக்டீரியம் என்ற கிருமி இருந்தது, நோயில்லாதவர்களில் பத்து சதவீதத்துக்கும் கீழே. எலிகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கட்டி குறைந்தது. சுவாரசியமான விஷயம்தான், ஆனால் எலிக்கு மாதவிடாய் இல்லை என்று மேலே சொன்னேனே. நீயாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே. உன்னை எனக்குத் தெரியும்.

டயனோஜெஸ்டை, அதுதான் அந்த ஹார்மோன் மாத்திரையை, நிறுத்திவிடலாமா என்று உன் அம்மாவிடம் சொன்னாயாமே. அந்த மாத்திரையால் மனசு சோர்ந்துபோகிறது, திட்டுத் திட்டாக ரத்தம் படுகிறது என்பதெல்லாம் நிஜமான தொந்தரவு, அதைச் சகித்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். மாற்று மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு, டாக்டரிடம் கேள். ஆனால் 'ஹார்மோன் வேண்டாம், இம்யூன் வழிதான் அசல்' என்று நீ நினைப்பது முழுசாகச் சரியில்லை. அந்தக் கட்டிகளில் வீக்கம் இருந்தால் புரோஸ்டாகிளாண்டின் என்ற, வலியைத் தூண்டும் ரசாயனம் கூடுகிறது, அது கட்டிக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது, ஈஸ்ட்ரோஜன் மறுபடி வீக்கத்தைத் தூண்டுகிறது. செக்கு மாதிரி ஒரே சுற்று. இந்த மாத்திரை ஒரு பக்கம் பிடித்து நிறுத்துகிறது, வருங்கால ஊசி இன்னொரு பக்கம் பிடிக்கலாம். புதுசு வரும்வரை பழைய பிடியை விடாதே.

இன்னொரு விஷயம், பயப்படாமல் படி. 2025-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டன் தரவுகளைப் பார்த்து, எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு முடக்குவாதம் போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 30 முதல் 80 சதவீதம் அதிகம் என்றார்கள். நூறில் எண்பது பேருக்கு வரும் என்று படித்துவிடாதே. நூறில் ஒருவருக்கு வருவது ஒண்ணேகால் பேரிலிருந்து ஒண்ணேமுக்கால் பேர்வரை ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் உனக்கு அப்பா வழியிலும் இருக்கிறது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் ஒரு மணி நேரம் விறைத்துக்கொண்டிருந்தால், 'டைப் அடித்த களைப்பு' என்று விட்டுவிடாமல் எனக்குச் சொல். நான் எட்டு மாசம் அப்படித்தான் விட்டேன்.

நீ பதினாறு வயசில் பாத்ரூம் தரையில் சுருண்டு கிடந்தபோது உன்னைக் கூட்டிப்போன இடத்தில், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் சொன்னார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நோய் என்னவென்று பெயர் தெரிய அதன்பிறகு ஒன்பது வருஷம். என் விரல் வீங்கியபோது நான் யாரிடமும் தலையாட்டவில்லை, மூன்று டாக்டரைப் பார்த்தேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த டோஸ் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. ஏழரைக்கே ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிடுவேன், சில்லென்று போட்டால் எரியும். அந்த அரை மணி நேரம் எனக்கு வேறு வேலை இல்லை, கூப்பிடு. ஸ்கேன் தேதி எப்போது என்று கேட்டு வை.

அப்பா