புளிமாவு ரொட்டி யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மற்ற பிரட் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, உங்கள் புளிமாவு ரொட்டி மட்டும் ஒத்துக்கொள்கிறது என்று சொல்லி வழக்கமாக வாங்கிப்போகும் அம்மா ஒருவர், சென்ற வாரம் சீலியாக் நோயுள்ள (கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் ஆகாத) தம் அக்காள் மகளுக்கும் ஒன்று கேட்டார். அதைக் கொடுக்க மறுத்துவிட்டோம். காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்வது எங்கள் கடமை.

கோதுமை சேராதவர்கள் எல்லோருக்கும் தொல்லை ஒரே பொருளால் வருவதில்லை. சீலியாக் இல்லாமலேயே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேரை வைத்து நார்வேயில் செய்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. குளூட்டனைவிட, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்னும் சர்க்கரைப் பொருளே அவர்களுக்கு அதிகத் தொல்லை தந்தது. அது சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவாகிறது. மாவு பல மணி நேரம் புளித்தால் ஃபிரக்டானில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே கரைந்துபோகும். ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரத்தில் பொங்கவைத்த மாவில் அதற்கு அவகாசம் இல்லை. நாங்கள் மாலையில் பிசைந்து நான்கு மணி நேரம் வெளியில் வைக்கிறோம். மதுரை வெக்கையில் இரவு முழுவதும் விட்டால் மாவு கூழாகிவிடும் என்பதால் பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றுகிறோம். விடியற்காலையில் மூடியைத் திறந்தால் இட்லி மாவின் புளிப்பு வாசமும், மேலெல்லாம் பொடிப்பொடியாய்க் குமிழிகளும் இருக்கும்.

ஆனால், எவ்வளவு புளித்தாலும் எங்கள் ரொட்டியில் குளூட்டன் இருக்கத்தான் செய்யும். சீலியாக் உள்ளவர் அதை உண்டால் அவர் உடலே தன் சிறுகுடலைத் தாக்கிப் புண்ணாக்கும். வயிறு வலிக்கவில்லை என்பதால் கெடுதல் இல்லை என்று ஆகாது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட நம் நாட்டு விதி இடம் தருவதில்லை. சம்பா கோதுமையும் ரவையும் பரோட்டாவும் அவர்களுக்கு ஆகாதவையே. கோதுமை ஒவ்வாமையால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருகிறவர்களும் எங்கள் ரொட்டியைத் தொட வேண்டாம்.

கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டன் கிடையாது. வீட்டில் கிண்டும் களியும் காய்ச்சும் கூழும் அவர்களுக்கு நல்லவை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு என்பதால் சாம்பாருக்கு வாங்கும்போது டப்பாவைப் படித்துப் பாருங்கள். சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் தாமாகக் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நோய் இருந்தும் முடிவில் தெரியாமல் போகலாம்.

எங்கள் கேழ்வரகு பிஸ்கட், மைதா மூட்டையை உதறும் அதே அறையில், அதே ட்ரேக்களில்தான் வேகிறது. அதன்மேல் 'கோதுமை கலவாதது' என்று நாங்கள் வைத்திருந்த அட்டை தவறு; அதை எடுத்துவிட்டோம். அதை நம்பிச் சீலியாக் உள்ளவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். மீதமிருந்தால் கொண்டுவந்து கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
பேக்கரி உரிமையாளர், மதுரை